ஃபாரடேயும் நாமக்கல் எர்த் கம்பியும்

நாமக்கல் மாவட்டத்தில் எந்தத் திசையில் பயணம் செய்தாலும் மூன்று காட்சிகள் கண்ணில் பட்டே தீரும். நெடுஞ்சாலையோரம் வரிசையாக நிற்கும் சமையல் எரிவாயு டேங்கர் லாரிகள் ஒன்று. கிணற்று மேட்டில் தகரக் கூரை வேய்ந்த மோட்டார் கொட்டகை மற்றொன்று. நீண்டு கிடக்கும் கோழிப் பண்ணைகளின் இரும்புக் கூண்டுகள் மூன்றாவது. இம்மூன்றுக்கும் பொதுவான பொருள் ஒன்று உண்டு. அது தரைக்குள் இறங்கும் ஒரு கம்பி. எர்த் என்று நாம் அன்றாடம் சொல்லும் அக்கம்பிதான் இந்தத் தொழில்கள் அனைத்திலும் செலவு குறைந்த பொருள். கவனிப்பும் மிகக் குறைவாகப் பெறும் பொருள்.

இந்தச் சமவெளியில் பல்லாண்டு இயற்பியல் கற்பித்தவன் என்ற முறையில், அந்தக் கம்பிக்குப் பின்னால் இருக்கும் மனிதரைப் பற்றி எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். மைக்கேல் ஃபாரடே என்ற பெயர் நம் மாணவர்களுக்குப் புதிதன்று. மின்சார மோட்டாருக்கும் மின்னாக்கிக்கும் வித்திட்டவர் என்று பத்தாம் வகுப்பிலேயே படித்துவிடுகிறார்கள். ஆனால் 1836 முதல் 1843 வரை, ஓடாமல் ஓரிடத்தில் தங்கி நிற்கும் மின்னூட்டத்தைப் பற்றி அவர் செய்த ஆய்வுகளுக்குப் பாடநூலில் கிடைப்பது ஓரிரு பக்கங்களே. நம் ஊர் லாரி ஓட்டுநரின் உயிரும் உழவரின் உயிரும் பெரிதும் சார்ந்திருப்பது அந்த ஓரிரு பக்கங்களைத்தான். ஆகவே அவரது வாழ்க்கையை அந்தப் பக்கமிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

ஃபாரடே 1791 செப்டம்பர் 22 அன்று லண்டன் நகரின் தென்புறத்தில் நியூயிங்டன் பட்ஸ் என்ற பகுதியில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் ஒரு கொல்லர். உடல் நலம் குன்றியவர். வேலைக்குப் போன நாள்களைவிடப் போகாத நாள்கள் மிகுந்த வீடு அது. ஒரு ரொட்டியைத் தாய் கொடுத்து, ஒரு வாரத்துக்கு அதை வைத்துக்கொள்ளச் சொன்ன காலமும் அந்தச் சிறுவனின் வாழ்வில் உண்டு. எழுதவும் படிக்கவும் எளிய கணக்குப் போடவும் தெரிந்ததோடு பள்ளிப் படிப்பு நின்றது. 13 வயதில் ஜார்ஜ் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு புத்தகம் கட்டும் தொழில் பழகுநராக ஏழாண்டு ஒப்பந்தம் ஆயிற்று.

கட்டுவதற்கு வந்த புத்தகங்களை அவர் படிக்கவும் செய்தார். கலைக்களஞ்சியத் தொகுதி ஒன்றில் மின்சாரம் பற்றிய கட்டுரை அவர் கையில் கிடைத்தது. ஜேன் மார்செட் என்ற பெண்மணி எளிய உரையாடல் வடிவில் எழுதிய வேதியியல் நூலும் கிடைத்தது. படித்ததை அப்படியே நம்பிவிடும் இயல்பு அவருக்கு இல்லை. செய்து பார்த்தே ஏற்பார். மிச்சம் பிடித்த காசில் பாட்டிலும் மரத்துண்டும் வாங்கி, உரசினால் மின்னூட்டம் தரும் சிறு கருவி ஒன்றைச் செய்து கொண்டார். முதலாளி ரீபோ தடுக்கவில்லை. பழகுநரின் ஆர்வத்தைக் கண்டு இடம் கொடுத்த அந்த முதலாளிக்கும் அறிவியல் வரலாற்றில் ஒரு பங்கு உண்டு.

1812இல் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற அறிவியல் நிறுவனத்தில் ஹம்ப்ரி டேவியின் உரைகளைக் கேட்க, கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் நுழைவுச் சீட்டுக் கொடுத்தார். நான்கு உரைகள் கேட்டார் ஃபாரடே. கேட்டதை எல்லாம் படங்களுடன் எழுதி, தாமே அழகாகக் கட்டமைத்து, டேவிக்கு அனுப்பி வைத்தார். கைத்தொழில் தெரிந்த இளைஞன் தன் கைத்தொழிலையே விண்ணப்பமாக அனுப்பியது போன்றது அது. 1813 மார்ச் 1 அன்று அந்த நிறுவனத்தின் ஆய்வக உதவியாளர் வேலை அவருக்குக் கிடைத்தது. அதே ஆண்டு டேவி தம்பதியருடன் ஐரோப்பியப் பயணம் சென்றபோது பணியாளராக நடத்தப்பட்ட அவமதிப்பையும் அவர் தாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

அதன் பின் வந்த பெருமைகள் பலரும் அறிந்தவை. 1821இல் மின்னோட்டம் செல்லும் கம்பி காந்தத்தைச் சுற்றி வருவதைக் காட்டினார். 1825இல் பென்சீனைக் கண்டறிந்தார். 1831 ஆகஸ்ட் 29 அன்று இரும்பு வளையம் ஒன்றின் இரு பக்கங்களிலும் செம்புக் கம்பியைச் சுற்றி, ஒரு பக்கத்தில் மின்சாரத்தைத் தொடுத்தபோதும் துண்டித்தபோதும் மறுபக்கத்தில் மின்சாரம் தோன்றுவதைக் கண்டார். மின்காப்புக்கு அன்று வார்னிஷ் பூசிய கம்பி கிடையாது. நூலையும் துணியையும் இடையிட்டுத் தம் கையாலேயே அடுக்கடுக்காகச் சுற்றினார். ராசிபுரத்திலும் திருச்செங்கோட்டிலும் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைகளில் உட்கார்ந்திருப்போர் அந்தக் கையின் நேர் வாரிசுகள்.

இனி நான் சொல்ல வந்த பகுதிக்கு வருகிறேன். ஃபாரடேயின் காலத்துக்கு முன்பே மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கத் தெரிந்திருந்தது. 1740களின் நடுவில் ஐரோப்பாவில் லெய்டன் சாடி வந்துவிட்டது. கண்ணாடிச் சாடியின் உட்புறமும் வெளிப்புறமும் உலோகத் தகடு ஒட்டி, உள்தகட்டுக்கு மின்னூட்டம் கொடுத்தால் அது தங்கியிருக்கும். ஒரு கை உள்ளேயும் ஒரு கை வெளியேயும் தொட்டவரைத் தூக்கி எறியும். எப்படித் தங்குகிறது என்பதில்தான் குழப்பம். மின்னூட்டம் உலோகத்தில் ஊற்றி வைத்த நீரைப் போன்றது, கண்ணாடி வெறும் தடுப்புச் சுவர் என்று பலரும் எண்ணினார்கள். தொலைவில் உள்ள பொருளை அது ஈர்ப்பதும், இடையில் எதன் துணையும் இல்லாமல் நேர்கோட்டில் நடக்கும் செயல் என்று கருதினார்கள்.

ஃபாரடே இதை ஏற்கவில்லை. 1836 ஜனவரியில் ராயல் இன்ஸ்டிடியூஷன் உரையரங்கில் 12 அடி நீள அகல உயரம் உள்ள ஒரு பெரிய கூண்டைக் கட்டினார். மரச்சட்டத்தின் மேல் கம்பியும் காகிதமும் உலோகத் தாளும் போர்த்திய கூண்டு அது. தரையைத் தொடாதபடி அதை நிறுத்தி, பெரிய மின்பொறி ஒன்றால் மின்னூட்டம் ஏற்றச் செய்தார். வெளிப்புறத்திலிருந்து பொறிகள் பறந்தன. அவரோ எரியும் மெழுகுவத்திகளுடனும் நுண்ணிய மின்காட்டிகளுடனும் கூண்டுக்குள்ளே இருந்தார். உள்ளே எந்தக் கருவியும் அசையவில்லை. மின்னூட்டம் முழுவதும் வெளிப்பரப்பில் தங்கி, அரங்கின் சுவர்களையும் தரையையும் நோக்கியே நின்றது.

இடி மின்னலின்போது லாரி கேபினுக்குள் இருப்பவர் பாதுகாப்பாக இருப்பதற்குக் காரணம் இதுவே. ரப்பர் டயர்தான் காப்பாற்றுகிறது என்று நம் ஊரில் பலரும் நம்புகிறார்கள். மேகத்திலிருந்து கிலோமீட்டர்க் கணக்கில் காற்றைக் கிழித்துக்கொண்டு வரும் மின்னலுக்குச் சில அங்குல ரப்பர் ஒரு தடையே இல்லை. காப்பாற்றுவது தலைக்கு மேலும் நான்கு பக்கமும் சூழ்ந்த உலோகக் கூடு. கண்ணாடியை ஏற்றிவிட்டு, உலோகத்தைத் தொடாமல் உள்ளே அமர்ந்திருப்பவர் ஃபாரடேயின் கூண்டுக்குள் அமர்ந்திருக்கிறார். நான்கு தூண்களின் மேல் தகரம் போட்ட திறந்த கொட்டகை அத்தகைய கூண்டு ஆகாது.

அடுத்த ஆண்டு, 1837இல், மின்காப்புப் பொருள்களின் பக்கம் திரும்பினார். ஒன்றனுள் ஒன்றாக அமைந்த இரண்டு பித்தளைக் கோளங்கள்; இடையே சிறு இடைவெளி. இப்படி ஒத்த அளவில் இரண்டு கருவிகள் செய்தார். ஒன்றின் இடைவெளியில் காற்று. மற்றொன்றில் அரக்கு, கந்தகம், கண்ணாடி என மாற்றி மாற்றி வைத்தார். ஒன்றுக்கு மின்னூட்டம் ஏற்றி, பிறகு இரண்டையும் தொடச் செய்து பங்கிட வைத்தார். இடைப்பொருள் வெறும் தடுப்பாக இருந்திருந்தால் பங்கு சமமாக இருந்திருக்கும். அரக்கு வைத்த கருவி கூடுதல் பங்கை எடுத்துக்கொண்டது. மின்காப்புப் பொருளும் மின்னூட்டத்தைத் தாங்குவதில் பங்கேற்கிறது என்பது அதனால் தெளிவாயிற்று. ஹென்றி கேவண்டிஷ் இதை முன்பே கண்டிருந்தார். ஆனால் அவர் எழுதி வைத்தது 1879இல்தான் அச்சேறியது. ஃபாரடே தம் வழியில் தாமே கண்டு உலகுக்குச் சொன்னார்.

நம் தோட்டங்களில் கண்டன்சர் என்றும் பாடநூலில் மின்தேக்கி என்றும் வழங்கும் பொருளின் அடிப்படை இதுதான். இரண்டு உலோகப் பரப்புகள். நடுவே மெல்லிய காப்புப் பொருள். பரப்பு பெருகினால், இடைவெளி குறைந்தால், இடைப்பொருள் தக்கதாக இருந்தால் கொள்ளும் மின்னூட்டம் பெருகும். மோட்டார் கண்டன்சருக்குள் உலோகப் பூச்சுக் கொண்ட மெல்லிய பிளாஸ்டிக் தாள் பாயைப் போலச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அதன் அளவைக் குறிக்கும் அலகுக்கு ஃபாரட் என்று அவர் பெயரையே வைத்தார்கள். ஒரு ஃபாரட் என்பது மிகப் பெரிய அளவாதலால் பத்து லட்சத்தில் ஒரு பங்கான மைக்ரோஃபாரட் நடைமுறையில் வழங்குகிறது.

இங்கே ஒரு கணக்கு மாணவர்களை எப்போதும் வியக்க வைக்கும். இந்த நிலவுலகம் முழுவதையும் தனித்து நிற்கும் ஒரு கோளமாகக் கொண்டால் அதன் மின்தேக்குத்திறன் ஏறத்தாழ 710 மைக்ரோஃபாரட்தான். 100 மைக்ரோஃபாரட் கண்டன்சர்கள் எட்டை இணையாக இணைத்தால் அந்த அளவை விஞ்சிவிடும். பூமிக்கு எதிரே நெருங்கி நிற்கும் மறுபரப்பு இல்லை. கண்டன்சருக்குள் அது ஒரு தாளின் தடிமனில் நிற்கிறது. அருகமைதான் கண்டன்சரின் ஆற்றல்.

அந்த ஆற்றல் கொல்லவும் கூடும். மும்முனை மின்சாரம் சில மணி நேரமே கிடைத்த காலங்களில், இருமுனை மின்சாரம் வரும் வேளையிலும் மோட்டாரை ஓட்டுவதற்குக் கண்டன்சர் பொருத்தும் வழக்கம் நம் தோட்டங்களில் பரவியது. விதிமீறல் என்று மின்வாரியம் எச்சரித்து வந்திருக்கிறது. பயிர் வாடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாத உழவரை நான் குறை சொல்லத் துணியவில்லை. ஆனால் 415 வோல்ட் இணைப்பில் இருக்கும் கண்டன்சர், துண்டிக்கும் கணத்தைப் பொறுத்து, 585 வோல்ட் வரை ஏறி நிற்கக்கூடும். 100 மைக்ரோஃபாரட் கண்டன்சரில் அப்போது தங்கியிருப்பது சுமார் 17 ஜூல். ஒன்றே முக்கால் கிலோ கல்லை ஒரு மீட்டர் உயரம் தூக்கும் ஆற்றல் அது. கண்ணிமைக்கும் நேரத்துக்குள் உடல் வழியே பாய்ந்துவிடும். ஃபியூஸைப் பிடுங்கியாயிற்று, இனிப் பயமில்லை என்று கை வைப்பவர் நிற்பது கிணற்றின் விளிம்பில் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். உள்ளே வடிமின்தடை பொருத்திய கண்டன்சர் சில நிமிடங்களில் தானே அடங்கிவிடும். அது இல்லாத மலிவான கண்டன்சரோ சுற்றிலிருந்து பிரிந்த பின்னும் நெடுநேரம் காத்திருக்கும்.

ஃபாரடே இதன் பெரிய வடிவத்தையும் கண்டார். 1850களில் கடலடித் தந்திக் கம்பிகள் வந்தபோது செய்திகள் மங்கியும் தாமதித்தும் சென்றன. கட்டாபெர்ச்சா என்ற மரப்பால் பிசின் பூசிய 100 மைல் கம்பியை நீரில் மூழ்க வைத்துச் சோதித்தார். மின்கலத்திலிருந்து துண்டித்த பின்னும் அக்கம்பி தொட்டவருக்கு அதிர்ச்சி தந்தது. உள்ளே செம்பு, வெளியே நீர், நடுவே பிசின். முழுக் கம்பியும் ஒரு மாபெரும் லெய்டன் சாடி என்று 1854இல் விளக்கினார். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஆயிரம் அடி தோண்டிய ஆழ்துளைக் கிணற்றுக்குள் நாம் இறக்கும் சப்மெர்சிபிள் கேபிளின் அமைப்பும் இதுவே. மின்கம்பத்தில் ஏறும் பணியாளர் மின்சாரம் நின்ற பின்னும் முதலில் எர்த் ராடை மாட்டிவிட்டுத்தான் கம்பியைத் தொட வேண்டும் என்ற விதிக்கும் இதில் ஒரு காரணம் இருக்கிறது. நின்றுவிட்ட மின்சாரம் வேறு, வடிந்துவிட்ட மின்னூட்டம் வேறு.

1839ஐ ஒட்டி ஃபாரடேயின் உடல் தளர்ந்தது. தலைச்சுற்றலும் மறதியும் வாட்டின. சில ஆண்டுகள் ஆய்வைக் குறைத்துக்கொள்ள நேர்ந்தது. மறதி மிகுந்ததால்தான் போலும், எதையும் எழுதி வைக்கும் பழக்கம் அவரிடம் மேலும் இறுகியது. தோல்விகளையும் விடாமல் எண்ணிட்டு எழுதிய அவருடைய ஆய்வுக் குறிப்புகள் 16,000ஐத் தாண்டின. அந்தத் தளர்ச்சிக் காலத்தில்தான், 1843இல், பனிக்கட்டி வாளிச் சோதனை பிறந்தது. என் பார்வையில் அவர் செய்த சோதனைகளிலேயே எளியதும் ஆழமானதும் அதுதான்.

பனிக்கட்டி வைக்கும் ஓர் உலோக வாளியைத் தரையிலிருந்து மின்காப்புச் செய்து நிறுத்தினார். அதன் வெளிப்புறத்தைத் தங்க இலை மின்காட்டியோடு கம்பியால் இணைத்தார். மின்னூட்டம் ஏற்றிய பித்தளைக் குண்டைப் பட்டு நூலில் கட்டி, எங்கும் படாமல் வாளிக்குள் இறக்கினார். இறங்க இறங்கத் தங்க இலைகள் விரிந்தன. குறிப்பிட்ட ஆழத்துக்குப் பின் குண்டை எப்படி அசைத்தாலும் விரிவு மாறவில்லை. குண்டை வாளியின் அடியில் தொடவைத்தார். அப்போதும் இலைகள் இம்மியும் அசையவில்லை. குண்டை வெளியே எடுத்துப் பார்த்தால் அதில் மின்னூட்டமே இல்லை. குண்டின் மின்னூட்டத்துக்குச் சமமான எதிர் மின்னூட்டம் வாளியின் உட்புறத்திலும், அதே அளவு ஒத்த மின்னூட்டம் வெளிப்புறத்திலும் முன்பே தோன்றியிருந்தன என்பது உறுதியாயிற்று. மின்னூட்டம் தனித்து நிற்பதில்லை. எங்கோ ஓரிடத்தில் அதற்குச் சமமான எதிரிணை நின்றே தீரும்.

இப்போது வாளியை எடுத்துவிட்டு அங்கே ஒரு டேங்கர் லாரியை வையுங்கள். தென்மண்டல எல்.பி.ஜி. டேங்கர் லாரி உரிமையாளர்கள் சங்கம் இயங்கும் ஊர் நாமக்கல். இங்கிருந்து புறப்படும் வண்டிகள் தென்னிந்தியாவின் சமையல் எரிவாயுவைச் சுமக்கின்றன. மின்சாரத்தை எளிதில் கடத்தாத ஒரு நீர்மம் குழாய் வழியே விரைந்து பாயும்போது குழாய்ச் சுவரோடு உரசி மின்னூட்டம் பெறுகிறது. அது தொட்டிக்குள் சேர்கிறது. நீர்மம் உள்ளேதானே இருக்கிறது என்று நாம் நினைக்கலாம். வாளிச் சோதனை சொல்வது வேறு. உள்ளே எவ்வளவு சேர்கிறதோ அவ்வளவும் தொட்டியின் வெளிப்பரப்பில் தோன்றிவிடும். தரைத் தொடர்பு சரியாக இல்லாத வண்டியும் அதன் கீழுள்ள நிலமும் சேர்ந்து ஒரு கண்டன்சர் ஆகிவிடுகின்றன.

அந்தக் கண்டன்சரின் அளவு சிறிது. ஏறத்தாழ 1,000 பிகோஃபாரட். அது 10,000 வோல்ட் வரை ஏறினால் தேங்கும் ஆற்றல் 50 மில்லிஜூல். கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும். ஆனால் காற்றோடு சரியான விகிதத்தில் கலந்த எரிவாயு பற்றிக்கொள்ளக் கால் மில்லிஜூல் பொறியே போதும். தேவையைப்போல் 200 மடங்கு அங்கே காத்திருக்கிறது. தொட்டிக்குள் காற்று இல்லாததால் ஆபத்து அங்கு இல்லை. குழாயைப் பொருத்தும் இடத்தில், கழற்றும் கணத்தில், சிறு கசிவு காற்றோடு கலக்கும் அந்த ஒரு சாண் வெளியில்தான் ஆபத்து. ஆகவேதான் எர்த் கம்பியை முதலில் மாட்ட வேண்டும், கடைசியில் கழற்ற வேண்டும் என்பது விதி. மாட்டிய கணத்தில் வெளிப்பரப்பின் மின்னூட்டம் நிலத்துக்கும் வண்டிக்கும் இடையே பங்காகிறது. நிலத்தின் கொள்ளளவு வண்டியினுடையதைப்போல் சுமார் 7 லட்சம் மடங்கு. வண்டியில் எஞ்சுவது ஏதும் இல்லை என்றே சொல்லலாம். அந்தக் கம்பியின் கவ்வி பளபளக்கும் பெயின்டின் மேல் கவ்வினால் அது மாட்டாததற்குச் சமம். வெற்று உலோகத்தைக் கடித்து நிற்க வேண்டும்.

மோட்டார் கொட்டகையின் எர்த் இதனினும் கடினமான வேலையைச் செய்கிறது. டேங்கரில் வடிய வேண்டியது ஒரு சிறு தேக்கம். ஊசிமுனை அளவு வழி கிடைத்தாலும் வடிந்துவிடும். மோட்டாரின் காயில் பழுதாகி அதன் இரும்பு உடலில் மின்சாரம் ஏறினால், பாய்வது தீராத ஓட்டம். நிலம் அதை விழுங்கிவிடும் என்று பலரும் எண்ணுகிறார்கள். விழுங்குவதில்லை, அந்த ஓட்டம் மண்ணின் வழியே சென்று, தரையோடு இணைக்கப்பட்ட டிரான்ஸ்பார்மரின் நியூட்ரலைத் தேடி அடைகிறது. மின்னூட்டத்துக்கு எதிரிணை இருப்பதுபோல் மின்னோட்டத்துக்கும் திரும்பும் வழி இருந்தாக வேண்டும்.

நம் மண்ணின் இயல்பு இங்கே குறுக்கிடுகிறது. பாறை நிலம்; கோடையில் காய்ந்து வெடிக்கும் மேல்மண். கரியும் உப்பும் இட்டு எர்த் குழி வெட்டியவர் அதற்குத் தண்ணீர் ஊற்ற மறந்தால், அதன் மின்தடை 40 ஓம் அளவுக்கும் ஏறிவிடக்கூடும். அப்போது 230 வோல்ட்டில் பழுது ஏற்பட்டால் எர்த் வழியே செல்வது 6 ஆம்பியருக்கும் குறைவு. 5 குதிரைத்திறன் மோட்டார் ஒழுங்காக ஓடும்போதே ஏறத்தாழ 7 ஆம்பியர் இழுக்கும். ஃபியூஸ் எப்படி உருகும்? மோட்டாரின் உடல் மின்சாரம் ஏறிய நிலையிலேயே காத்திருக்கும். எர்த் இருக்கிறது என்று நம்பி ஈரக் கையோடு தொடுபவருக்கு அந்த நம்பிக்கையே எமன். கோழிப் பண்ணையின் நீண்ட இரும்புக் கூண்டுகளுக்கும் இதே விதிதான். ஒரு முனையில் வயர் உரசினால் மறுமுனை வரைக்கும் ஏறிவிடும்.

இதற்கு மாற்று இருக்கிறது. செல்லும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமாக இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுக்கொண்டே இருந்து, 30 மில்லிஆம்பியர் வேறுபாடு கண்டால் நொடியின் சிறு பகுதிக்குள் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவி அது. நல்ல எர்த்தும் இந்தக் கருவியும் சேர்ந்தால்தான் காவல் முழுமை பெறும். இதன் விலை நம் தோட்டத்துச் செலவுகளில் பெரியதன்று. ஆயினும் பல கொட்டகைகளில் இதைக் காண முடிவதில்லை.

அறிவு இருந்தும் பயன்படாமல் போகும் அவலத்தை ஃபாரடேயும் கண்டார். 1844இல் இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதியில் ஹாஸ்வெல் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 95 பேர் இறந்தனர். அவர்களில் சிறுவர்களும் இருந்தனர். விசாரணைக்கு உதவ அரசு ஃபாரடேயையும் நிலவியலாளர் சார்லஸ் லைலையும் அனுப்பியது. சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்த்தபோது, வெடிமருந்தை எங்கே வைப்பீர்கள் என்று ஃபாரடே கேட்க, அவர் அமர்ந்திருந்த மூட்டையே அது என்று தெரிந்ததாம். அலட்சியம் எவ்வளவு பழகிப்போயிருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. வாயு மட்டுமன்றி நிலக்கரித் தூசியும் வெடிப்பைப் பெருக்குகிறது என்று இருவரும் அறிக்கை தந்தனர். காற்றோட்டத்தைச் சீர்ப்படுத்த வழியும் கூறினர். செலவைக் காட்டிச் சுரங்க உரிமையாளர்கள் அதை ஒதுக்கினர். தூசியின் ஆபத்து ஏற்கப்பட மேலும் பல பத்தாண்டுகள் ஆயின.

நிபுணர்களின் அறிக்கை மட்டும் போதாது, அறிவு பொதுமக்களிடம் சேர வேண்டும் என்பதை ஃபாரடே தம் வாழ்வெல்லாம் செயலில் காட்டினார். 1820களின் நடுவில் ராயல் இன்ஸ்டிடியூஷனில் வெள்ளிக்கிழமை மாலை உரைகளையும், சிறுவர்களுக்கான கிறிஸ்துமஸ் உரைகளையும் தொடங்கி வைத்தவர்களில் முதன்மையானவர் அவர். ஒரு மெழுகுவத்தியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வேதியியல் முழுவதையும் சிறுவர்களுக்குச் சொன்னவர். கணிதம் அவருக்குக் கைவரவில்லை. மின்னூட்டங்களுக்கு இடையிலான வெளியில் விசைக்கோடுகள் வளைந்து நிற்பதை அவர் மனக்கண்ணால் கண்டார். கணித அறிஞர் பலர் அதை ஐயத்தோடு பார்த்தனர். இளையவரான ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல்தான் அந்தக் கோடுகளைச் சமன்பாடுகளாக்கினார்.

நைட் பட்டத்தை ஃபாரடே ஏற்கவில்லை. ராயல் சொசைட்டியின் தலைமைப் பதவியையும் மறுத்தார். கடைசிக் காலத்தில் அரசி விக்டோரியா கொடுத்த ஹாம்ப்டன் கோர்ட் இல்லத்தில் வாழ்ந்து, 1867 ஆகஸ்ட் 25 அன்று காலமானார். ஹைகேட் இடுகாட்டில் எளிய கல் ஒன்றின் கீழ் உறங்குகிறார். மேட்டூர் அணையில் மின்னுற்பத்தி தொடங்கியது அதற்கு 70 ஆண்டுகளுக்குப் பிறகு. அன்றைய சேலம் மாவட்டத்தின் கிணறுகளில் கவலை ஏற்றம் ஓய்ந்து மோட்டார் ஒலி கேட்டது மேலும் பிந்திய கதை. அந்த மோட்டார்களோடு அவருடைய கண்டுபிடிப்பு வந்து சேர்ந்தது. அவருடைய கல்வி வந்து சேரவில்லை என்பதே என் குறை.

கொல்லரின் மகனாகப் பிறந்து, புத்தகக் கட்டு வேலையிலிருந்து இயற்பியலுக்கு வந்த ஒருவர் கண்டதைக் காயில் கட்டும் தொழிலாளியால் புரிந்துகொள்ள முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. தொழிற்பயிற்சி நிலையங்களில் வாளிச் சோதனையைத் தமிழில் ஒருமுறை செய்து காட்டினால் போதும். டேங்கரின் எர்த் கம்பியை எந்த மாணவனும் வாழ்நாள் முழுவதும் மறக்க மாட்டான். மின் இணைப்புக் கொடுக்கும்போதே எர்த் குழியின் மின்தடையை அளந்து எழுதி, ஆர்.சி.சி.பி. இருப்பதை உறுதி செய்வது பெரிய நிர்வாகச் சீர்திருத்தம் அன்று. லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் எர்த் கவ்விக்கென்று பெயின்ட் படாத ஓரிடத்தை ஒதுக்கிக் குறியிடலாம். வடிமின்தடை இல்லாத கண்டன்சரை விற்பதில்லை என்று கடைக்காரர்களும் முடிவு செய்யலாம்.

அதுவரை நம் கையில் இருப்பதை நாம் செய்யலாம். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் தோட்டத்து எர்த் குழியைத் திறந்து, கம்பி அரித்திருக்கிறதா என்று பார்த்து, ஓர் ஒயர்மேனை அழைத்து அதன் மின்தடையை அளக்கச் சொல்லுங்கள். அரை நாள் வேலை அது.